தாத்தா இறந்தது எந்தத் தேதி? உங்க வீட்டு பேப்பர் எல்லாம் ஒரே பதில் சொல்லுதா?



போன வீடியோவில் நாமினி பற்றிப் பேசினேன். இன்னைக்கு எழுதப்போற விஷயம் அதைவிட போரா தெரியலாம். எஸ்ஐபி இல்லை, டேக்ஸ் சேவிங் இல்லை. ஆனா எங்க வீட்டுல ஒரு மனை விற்பனையையே நிறுத்தின விஷயம் இது. அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார். அப்போ அந்தப் பக்கம் பஸ்ஸே சரியா கிடையாது, இப்போ நிலைமை உங்களுக்கே தெரியும். அப்பா, அத்தை, சித்தப்பா மூணு பேரும் வாரிசு. பாட்டி தாத்தாவுக்கு முன்னாடியே காலமாகிட்டாங்க. சித்தப்பா தன் பங்கை அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்துட்டார். மீதி அப்பாவும் அத்தையும். அத்தை பொண்ணோட மேல்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது, விக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

வாங்க வந்தவங்க உங்களை மாதிரி சம்பளக்காரங்கதான். கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, ஹோம் லோன் போட்டு வாங்குறாங்க. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பேப்பர் எல்லாம் பேங்க் பேனல் வக்கீல்கிட்ட போச்சு. ஒரு வாரத்துல திரும்பி வந்தது.

இறப்புச் சான்றிதழில் தாத்தா இறந்த தேதி 12. வாரிசு சான்றிதழில் 19. சித்தப்பா எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் 11. ஒரே மாசம், ஒரே வருஷம், ஒரே தாத்தா, ஆனா மூணு தேதி. "இவர் எப்போ இறந்தார்னு முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

நான் சிஏ. ஊர்ல இருக்கிற கம்பெனி கணக்கெல்லாம் ஆடிட் பண்றேன். சொந்த வீட்டு பீரோவை ஒரு தடவைகூட ஆடிட் பண்ணல. வெட்கமா இருந்தது.

மூணு தேதி எப்படி வந்தது?

அத்தையைக் கேட்டேன். "ஏம்மா, இதுல என்ன சந்தேகம்? எங்கப்பா போனது செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஆஸ்பத்திரியில நான்தான் பக்கத்துல இருந்தேன்"ன்னாங்க. மணி என்ன அத்தைன்னு கேட்டேன். "ரெண்டு மணி இருக்கும்."

அங்கேயே பாதி விடை கிடைச்சது. நம்ம வீடுகள்ல விடியற வரைக்கும் அது முந்தின நாள் ராத்திரிதான். பஞ்சாங்கக் கணக்கிலும் சூரிய உதயத்தில் இருந்துதான் நாள் தொடங்கும். ஆஸ்பத்திரி கடிகாரத்துக்கு ராத்திரி 12 மணிக்கே அடுத்த நாள். அத்தைக்கு 11ஆம் தேதி செவ்வாய் ராத்திரி. ரெஜிஸ்டருக்கு 12ஆம் தேதி புதன், அதிகாலை 2 மணி. ரெண்டுமே உண்மை. சித்தப்பா பத்திரம் எழுதும்போது குடும்பத்துல சொல்ற தேதியைச் சொன்னார், 11 ஏறிடுச்சு.

19 எங்கிருந்து வந்தது? இறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. இறந்த தேதி ஒரு இடத்தில் இருக்கும், பதிவு செய்த தேதி ஒரு இடத்தில் இருக்கும், சான்றிதழ் கொடுத்த தேதி இன்னொரு இடத்தில் இருக்கும். வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பினது எங்க அப்பா. துக்கத்துல இருந்தார், பதிவுத் தேதியைப் பார்த்து எழுதிட்டார். ஆபீஸைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை, கொடுத்ததைத்தான் அவங்க அடிச்சாங்க. பிரின்ட் ஆனதை நாங்க யாரும் படிச்சே பார்க்கல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேதி மாறுறதுக்கு நம்ம பக்கம் வேற காரணங்களும் உண்டு.

திதி கொடுக்கிற வீடுகளில் நினைவுநாள் மாசம், பட்சம், திதி கணக்கில் வரும். இங்கிலீஷ் தேதியில் அது வருஷா வருஷம் முன்னேபின்னே நகரும். போன வருஷம் திதி வந்த தேதியையே இறந்த தேதின்னு பேரப்பிள்ளைங்க ஃபார்மில் எழுதிடறாங்க. பழைய குறிப்புகளில் தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தா இன்னும் சிக்கல். 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்பி வரும். 'ஹேவிளம்பி, பங்குனி'ன்னு மட்டும் இருந்தா அது 1958ஆகவும் இருக்கலாம், 2018ஆகவும் இருக்கலாம். இஸ்லாமியக் கணக்கில் சூரியன் மறைஞ்சதும் அடுத்த நாள் ஆரம்பம். வியாழன் ராத்திரி 8 மணிக்கு இறந்தவரை 'வெள்ளி இரவு' போனார்னு சொல்லுவாங்க. சர்ச் ரெஜிஸ்டரில் இருக்கிறது பல நேரம் அடக்கம் நடந்த தேதி.

இன்னொரு காரணம் நம்ம ஏரியாவுக்கே உரியது. இறப்பு எங்க நடந்ததோ அங்கதான் பதிவாகும், குடியிருந்த ஊர்ல இல்லை. சேலையூர்ல குடியிருந்தவர் சென்ட்ரல் பக்கம் ஜி.எச்.ல இறந்திருந்தா பதிவு சென்னை மாநகராட்சியில். சானடோரியம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தா பதிவு தாம்பரத்தில். இது தெரியாம தப்பான ஆபீஸில் தேடி, 'ரெக்கார்ட் இல்லை'ன்னு முடிவு பண்ணி, பல வருஷம் கழிச்சு ஞாபகத்தில் இருக்கிற தேதியைச் சொல்லி இன்னொரு பதிவு வாங்கினவங்களும் இருக்காங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு இறப்பு!

ஆபீஸ்களும் ஒரே பெயரில் இருக்கல. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல்தான் தாம்பரம் மாநகராட்சி ஆனது. செங்கல்பட்டு மாவட்டம் பிரிஞ்சது 2019. அதுக்கு முன்னாடி இது காஞ்சிபுரம் மாவட்டம். தாத்தா காலத்து ரெஜிஸ்டர் இன்னைக்கு எந்த ஆபீஸ் பீரோவில் இருக்குன்னு கேட்டுத்தான் போகணும்.

"ஒரு நாள் வித்தியாசம்தானே பாஸ்?"

எங்க அப்பாவும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்க கேஸில் 11ஆ 12ஆ 19ஆ என்பதால் யாருடைய பங்கும் ஒரு பைசா மாறாது. பேப்பர் ஒத்துப்போகலைன்னா பேங்க் நகராது, அவ்வளவுதான் பிரச்சினை. ஆனா எல்லா வீட்டுக்கும் இதே பதில் கிடையாது. தேதி மாறினா சொத்தே கை மாறும் இடங்கள் இருக்கு.

முதல் உதாரணம், நம்ம தமிழ்நாட்டு வழக்கு. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்பளித்தது. மாரப்ப கவுண்டர் என்பவர் 1938இல் கோர்ட் ஏலத்தில் வாங்கிய சொத்து. அவருக்கு ஒரே மகள். வழக்குப் போட்டது அவருடைய தம்பி மகள்களில் ஒருவர். அவர் சொன்னது: மாரப்ப கவுண்டர் இறந்தது 14.04.1957. எதிர்த்தரப்பு சொன்னது: இல்லை, 15.04.1949.

நடுவில் இருக்கிற கோடு 17.06.1956. அன்னைக்குத்தான் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1957இல் இறந்திருந்தால் புதுச் சட்டம், மகள்தான் முதல் வாரிசு. 1949இல் இறந்திருந்தால் பழைய சட்டம், சொத்து மகளுக்கு இல்லை, தம்பி மகனுக்கு என்பது எதிர்த்தரப்பு வாதம். ஒரு மனுஷன் எந்த வருஷம் இறந்தார் என்பதில் மொத்தச் சொத்தும் தொங்கியது.

ரெண்டு தேதியையும் பாருங்க. ரெண்டுமே சித்திரை பிறப்பை ஒட்டி வருது. குடும்பத்துக்கு நாள் ஞாபகம் இருந்திருக்கு, வருஷம்தான் தகராறு ஆகியிருக்கும் போல. இது என் கணிப்புதான், தீர்ப்பில் இருக்கிற விஷயம் இல்லை.

வழக்குப் போட்டது 1991. விசாரணை நீதிமன்றம் 1949 என்ற தேதியை ஏற்று 1994இல் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில்தான் திருப்பம். இறந்தது 1949ஆகவே இருக்கட்டும், இது அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து, பழைய இந்து சட்டப்படியும் அது மகளுக்குத்தான் போகும் என்று சொன்னார்கள். அந்த மகள் 1967இல் குழந்தை இல்லாமல் இறந்தார். அதனால் தம்பியின் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

பெண்களின் சொத்துரிமைக்கு முக்கியமான தீர்ப்பு, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா நான் கணக்குப் போடுறவன். 1991 முதல் 2022 வரை 31 வருஷம். தீர்ப்பின் தலைப்பிலேயே மேல்முறையீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்' என்று இருக்கு. ஒரு இறப்புத் தேதியில் ஆரம்பிச்ச சண்டை, வழக்காடினவர் இறந்த பிறகும் நடந்தது.

ரெண்டாவது உதாரணம், யார் முதலில் இறந்தார் என்பது. 2021 கொரோனா அலையில் ஒரே வீட்டில் சில நாள் இடைவெளியில் ரெண்டு பேரை இழந்த குடும்பங்கள் எத்தனை! ஒரு கணக்குப் பாருங்க. அப்பா பேரில் சுயமாக வாங்கிய 80 லட்ச ரூபாய் ஃபிளாட். உயில் இல்லை. அம்மா இருக்காங்க, ஒரே மகன், மகனுக்குக் கல்யாணம் ஆகிடுச்சு, குழந்தை இல்லை. அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்துடறாங்க.

முதலில் அப்பா இறந்திருந்தால்: அம்மாவுக்கு 40 லட்சம், மகனுக்கு 40 லட்சம். பிறகு மகன் பங்கு அவன் அம்மாவுக்கும் மனைவிக்கும் பாதிப் பாதி. மருமகளுக்குக் கிடைப்பது 20 லட்சம்.

முதலில் மகன் இறந்திருந்தால்: அப்பா இறக்கும்போது அம்மாவுக்கு ஒரு பங்கு, இறந்த மகனுடைய பங்கு நேராக அவன் மனைவிக்கு. மருமகளுக்குக் கிடைப்பது 40 லட்சம்.

ஒரு நாள் வித்தியாசம், 20 லட்சம் ரூபாய். யார் முதல்னு தெரியாத சூழ்நிலையில் ரெண்டு பேரும் இறந்திருந்தா, வேறு ஆதாரம் வரும் வரை வயதில் இளையவர்தான் பிறகு இறந்ததாக எடுத்துக்கொள்ளணும்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லுது. அதாவது மேலே இருக்கிற கணக்கில் மருமகளுக்கு 20 லட்சம்தான். அவங்க கையில் இருக்கிற ஒரே ஆயுதம் சரியான தேதி, நேரம் போட்ட ஆஸ்பத்திரி பேப்பர்.

மூணாவது, இன்ஷூரன்ஸ். பிரீமியம் தேதி தாண்டி கிரேஸ் பீரியட் முடிஞ்சிருந்தா பாலிசி காலாவதி. இறந்தது அதுக்கு முன்னாடியா பின்னாடியா என்பதில்தான் கிளெய்ம். காணாமல் போனவர் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. 7 வருஷம் தகவலே இல்லைன்னா இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். ஆனா எப்போ இறந்தார்னு அனுமானிக்காது. 2004இல் எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. காணாமல் போன பிறகு பிரீமியம் கட்டாததால் பாலிசி காலாவதியாகி, அந்தக் குடும்பத்துக்குக் கிளெய்ம் கிடைக்கவில்லை. யாராவது காணாமல் போன வீட்டில் நீங்க இருந்தா, எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் பிரீமியத்தை நிறுத்தாதீங்க.

பிஎஃப்போட வர்ற இடிஎல்ஐ காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். அது பணியில் இருக்கும்போது இறந்தவர்களுக்கானது. ரிசைன் பண்ணின தேதியும் இறந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தா யோசிச்சுப் பாருங்க. இன்கம் டேக்ஸிலும் இறந்த தேதி வரைக்கும் வந்த வருமானம் இறந்தவர் பேரில் வாரிசு தாக்கல் பண்ணணும், அதுக்கு அப்புறம் வர்றது வாரிசுகளோட வருமானம். எஃப்டி வட்டி, வாடகை எல்லாமே அந்தத் தேதியில் வெட்டிப் பிரிக்கணும்.

சரியானதை மாத்தி தப்போட ஒத்துப்போக வைக்காதீங்க

எங்க கதைக்கு வர்றேன். அப்பாவோட நண்பர் ஒருத்தர் யோசனை சொன்னார். "வாரிசு சான்றிதழ்ல 19 இருக்கு. இறப்புச் சான்றிதழையும் 19ஆ மாத்திட்டா முடிஞ்சது. அத்தையைக் கையெழுத்துப் போடச் சொல்லு."

சொல்லும்போது சுலபமாத்தான் இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சபலம் வந்தது. அத்தை மட்டும் கேட்டாங்க, "அப்போ எங்கப்பா ஏழு நாள் கூட உயிரோட இருந்தார்னு நான் கையெழுத்துப் போடணுமா?"

அதுக்கு மேல யாரும் பேசல.

என் கருத்து இதுதான். நம்ம ஊர்ல பேப்பர் ஒத்துப்போறதுதான் முக்கியம், உண்மை ரெண்டாவது என்கிற எண்ணம் இருக்கு. அது தப்பு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. அரசு ரெஜிஸ்டரில் தெரிஞ்சே பொய்த் தகவல் கொடுக்கிறது குற்றம். அதோட, நீங்க மாத்தின தேதிக்கு எதிரா ஆஸ்பத்திரி ரெக்கார்டும் மயான ரசீதும் எங்கேயோ இருந்துக்கிட்டே இருக்கும். நாளைக்கு யாராவது பங்கு கேட்டு வந்தா முதலில் அதைத்தான் தேடுவாங்க. அப்போ ஒரு கிளெரிக்கல் மிஸ்டேக்கா இருந்தது மோசடிக் குற்றச்சாட்டா மாறிடும்.

உண்மைக்கு எது பக்கத்தில் இருக்கோ அதை வச்சுக்கிட்டு, மற்றதைத் திருத்தணும். நாங்க அதைத்தான் பண்ணினோம். தாசில்தார் ஆபீஸில் மனு போட்டு வாரிசு சான்றிதழில் 12ன்னு திருத்தி வாங்கினோம். சித்தப்பா கோயம்புத்தூர்ல இருந்து லீவு போட்டு வந்து, அப்பாவோட சேர்ந்து பிழை திருத்தல் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணினார். நாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள வாங்க வந்தவங்களுக்கு லோன் சாங்க்ஷன் காலம் முடிஞ்சு, அவங்க மேடவாக்கம் பக்கம் வேற இடம் பார்த்துட்டாங்க. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அத்தை பொண்ணுக்கு அந்த வருஷ ஃபீஸ் எஜுகேஷன் லோன்ல போச்சு. மனை அடுத்த வருஷம்தான் வித்தது. ஒரு ஃபார்மில் ஒரு கட்டத்தை மாத்திப் படிச்சதுக்குக் கொடுத்த விலை இது.

இறப்புச் சான்றிதழே தப்பா இருந்தா என்ன பண்ணணும்? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15 இதுக்குத்தான் இருக்கு. பதிவாளர் பழைய பதிவை அழிக்க மாட்டார், ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுவார். விஷயத்திலேயே தப்புன்னா, உண்மை தெரிஞ்ச நம்பகமான ரெண்டு பேர் உறுதிமொழி கொடுக்கணும்.

அந்த வரியை இன்னொரு தடவை படிங்க. உண்மை தெரிஞ்ச ரெண்டு பேர். உங்க தாத்தா இறந்தப்போ பக்கத்தில் இருந்தவங்க இன்னைக்கு எத்தனை பேர் இருக்காங்க? அவங்களுக்கு வயசு என்ன? இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு அதுதான் ஒரே காரணம். மியூச்சுவல் ஃபண்டை அடுத்த மாசம்கூட ஆரம்பிக்கலாம். சாட்சி காத்திருக்க மாட்டாங்க.

நோட்டரி முன்னாடி 'ரெண்டு தேதியும் ஒண்ணுதான்'னு ஒரு அஃபிடவிட் போட்டா போதாதான்னு சிலர் கேப்பீங்க. ரெஜிஸ்டரில் இருக்கிறதை அஃபிடவிட் மாத்தாது. சில பேங்க் ஏத்துக்கலாம், அடுத்த பேங்க் ஏத்துக்காம போகலாம். அது தற்காலிக பிளாஸ்டர்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பண்ண வேண்டியது

1. ஒரு பேப்பர் எடுங்க. அப்பா வழி, அம்மா வழி தாத்தா பாட்டி வரைக்கும் இறந்தவங்க பேரை எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் தேதி, நேரம், இறந்த இடம், எந்த ஆபீஸில் பதிவு, பதிவு எண். தெரியாததைக் காலியா விடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க.

2. வாரிசு சான்றிதழ், பத்திரம், பட்டா மாற்றல் மனு, பென்ஷன் பேப்பர், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாத்திலும் தேதியை ஒப்பிடுங்க. திதி டைரியையும் சுவர்ல இருக்கிற போட்டோவையும் பாருங்க. ஆனா அதைத் திருத்த வேண்டாம். அது குடும்பத்தோட கணக்கு, அதுக்கு அதுவே சரி.

3. இறப்புச் சான்றிதழ் இல்லைன்னா, எங்க இறந்தாரோ அந்த ஊர் ஆபீஸில் தேடுங்க. புதுப் பதிவுகள் ஆன்லைனில் கிடைக்கும், சென்னை மாநகராட்சிக்குத் தனி இணையதளம். பழசுக்கு நேரில் போகணும். நல்லா தேடாம தாமதப் பதிவுக்குப் போகாதீங்க.

4. இனிமே வீட்டில் ஒரு இறப்பு நடந்தா 21 நாளுக்குள் பதிவு பண்ணுங்க. அதுவரை கட்டணம் கிடையாது. ஒரு வருஷம் தாண்டினா மாவட்ட நிர்வாகத்தோட உத்தரவு வரைக்கும் போகணும். துக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட ஃபார்மைக் கொடுக்காதீங்க. நிதானமா இருக்கிற ஒருத்தர் நிரப்பட்டும், இன்னொருத்தர் படிச்சுப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரி டெத் சம்மரியையும் மயான ரசீதையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க.

5. தேதி 1956 ஜூன் மாதிரி ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தா, ரெண்டு பேர் அடுத்தடுத்து இறந்திருந்தா, சொந்தமா முடிவெடுக்காதீங்க. சிவில் வக்கீலைப் பாருங்க. நான் சிஏ, அது என் வேலை இல்லை.

எங்க வீட்டு ஹாலில் தாத்தா போட்டோவில் இன்னும் 11ன்னுதான் இருக்கு. மாத்தலாமான்னு அப்பா கேட்டார். அத்தை வேண்டாம்னுட்டாங்க. எனக்கும் அதான் சரின்னு பட்டது. ஃபைலில் 12 இருக்கு, அது போதும்.

இன்னைக்கு ராத்திரி ஊர்ல இருக்கிற உங்க பாட்டிக்கோ அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ ஒரு போன் போடுங்க. "தாத்தா போனப்போ மணி என்ன?"ன்னு கேளுங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதி வச்சுக்கோங்க.

அடுத்த வீடியோவில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது எப்படின்னு படிப்படியா காட்டுறேன். பார்ப்போம்.